விளக்குச் சந்து வாயனசாலையின் முகப்பு

புதன்கிழமை காலை.

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. அதற்குள் சாப்பாடு இல்லை. இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே, பட்டுத் துணியில் சுற்றி, ஒரே ஒரு பழைய பட அஞ்சலட்டை இருந்தது.

"சாப்பாட்டைப் பாலிதீன் பையில போட்டுட்டு அட்டையை டப்பாவுல வைக்கிற ஆளு ஊருலகத்துல நீங்க ஒருத்தர்தான்" என்று என் மனைவி பார்வதி வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

திருநெல்வேலியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அட்டை சேர்ப்பது கடைக்கு வெளியே உள்ள பைத்தியம். கோவில், அரண்மனை, அருவி, மலை எதுவும் எனக்கு வேண்டாம். அரசாங்கக் கச்சேரி, நகர மண்டபம், ரயில் நிலையம், நூலகம், சந்தை என்று யாரும் யாரிடமும் கேட்காமல் படியேறிப் போகக்கூடிய கட்டிடங்களின் பழைய அஞ்சலட்டைகளை மட்டும் சேர்க்கிறேன். பெரும்பாலானவை வெளிநாட்டில் அச்சடித்து, இங்கே வந்து, யாரோ எழுதி, மீண்டும் கடல் கடந்து போய், பழைய சாமான் கடைகள் வழியாகத் திரும்பி வந்தவை.

டப்பாவில் இருந்த அட்டையை மதுரையில் ஒரு தபால்தலைக் கண்காட்சியில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். ஓட்டுக்கூரை போட்ட ஒரு சிறிய கட்டிடம், முன்னால் கல்படிகள், படியில் தலைப்பாகை கட்டிய இருவர். அடியில் ஆங்கில எழுத்தில் 'பப்ளிக் ரீடிங் ரூம், டிரிவாண்ட்ரம்'. அதன் படத்தை அட்டை சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் போட்ட மறுநாளே காயத்ரி என்ற பெண் அழைத்தாள். திருவனந்தபுரத்தில் பழைய கட்டிடங்களைப் பழுது பார்க்கும் கட்டிடக் கலைஞர். மலையாளத்தில் வாயனசாலை என்று சொல்லும் அந்த வாசகசாலையைத்தான் அவள் அப்போது சரிசெய்துகொண்டிருந்தாளாம்.

கூரையின் முன்பக்கத்து முக்கோணத்தை மலையாளத்தில் முகப்பு என்பார்கள். அந்தக் கட்டிடத்தின் மர முகப்பு எப்போதோ ஒரு மழையில் விழுந்துபோனது. பிறகு தகரத்தை அடித்து மூடிவிட்டார்கள். அது எப்படி இருந்தது என்பதற்கு வரைபடமும் இல்லை, புகைப்படமும் இல்லை. அவள் தானே யோசித்து ஒன்றை வரைந்து, செதுக்கவும் வைத்துவிட்டாள். வியாழக்கிழமை ஏற்றுவதாக ஏற்பாடு. நான் அனுப்பிய படத்தில் முகப்பு இருக்கும் இடம் வெறும் சாம்பல் தீற்றலாக இருந்தது.

"லென்ஸ்ல பாத்தா தெரியுமா சார்?" என்று கேட்டாள்.

"கோடு கோடாக ஏதோ தெரிகிறது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றேன்.

"அப்போ நேர்ல கொண்டு வரேளா? ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தரம் பாத்துடறேனே."

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. கடைக்கு இரண்டு நாள் பூட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நாகர்கோவில் தாண்டியதும் மண் சிவந்து, வாழையும் ரப்பரும் ஜன்னலை உரசத் தொடங்கின. குழித்துறையில் ஏறிய பெண்கள் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடித்தார்கள். பாறசாலைக்கு அப்புறம் அந்த வாக்கியங்களின் தமிழ்ப் பாதியும் குறைந்துபோனது.

புதன், முற்பகல்.

தம்பானூரில் இறங்கி, நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் பையை வைத்துவிட்டு, டப்பாவோடு நடக்கத் தொடங்கினேன். காயத்ரி மியூசியத்தில் சந்திப்பதாகச் சொல்லியிருந்தாள். ஆட்டோவில் போயிருக்கலாம். ஆனால் எம்.ஜி. ரோட்டில் நடப்பது என்னைப் போன்ற ஆளுக்கு ஆல்பத்தைப் புரட்டுவது மாதிரி. செக்ரட்டேரியட்டின் வெள்ளைத் தூண்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. என்னிடமுள்ள அட்டையில் அதன் முன்னே ஒரு மாட்டுவண்டி நிற்கும். இன்று அதே இடத்தில் கோரிக்கைப் பந்தல் ஒன்றில் சிலர் உட்கார்ந்து பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஜூபிலி மண்டபம், எதிர்ப்பக்கம் கல்லூரியின் செங்கல் சிவப்பு, பாளையத்தில் பழைய சந்தையின் வாயில். எல்லாவற்றையும் காகிதத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் எந்த அட்டையும் இவற்றின் அளவைச் சொல்லவில்லை. நான் பெரிதென்று நினைத்தது சிறிதாகவும், சிறிதென்று நினைத்தது அண்ணாந்து பார்க்கும்படியும் இருந்தன. இந்த ஊர் தன் பழைய கட்டிடங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல், உள்ளே ஃபைல் அடுக்கி, வகுப்பு நடத்தி, கூட்டம் போட்டுப் பயன்படுத்திக்கொண்டே வைத்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மியூசியத் தோட்டத்தில் காயத்ரி காத்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பருத்திச் சட்டை, அதில் சுண்ணாம்புக் கறை.

"வாங்கோ சார். ட்ரெயின்ல இடம் கெடச்சுதா? அட்டையை இப்போ எடுக்க வேண்டாம், வெயில் ஜாஸ்தி. மொதல்ல இதைப் பாருங்கோ."

மேலே காட்டினாள். மியூசியத்தின் கூரைகள் ஒன்றின் தோளில் ஒன்றாக ஏறி நின்றன. ஒவ்வொரு முனையிலும் மரத்தில் குடைந்த முகப்பு. கீழே சுவர் முழுக்கப் பல நிறத்தில் பட்டை பட்டையாகக் கோலம். கட்டியவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்றே தோன்றாத ஒரு சந்தோஷம் அந்தக் கட்டிடத்தில் இருந்தது.

"சின்ன வயசுலேர்ந்து வாரா வாரம் இங்கே வந்து வரைவேன். கோட்டைப் பக்கம் அக்ரகாரத்துலதான் எங்க வீடு. அங்கேர்ந்து நடந்தே வந்துடுவேன். வாயனசாலைக்கு முகப்பு வரையணும்னு வந்தப்போ வேற எதுவுமே தோணல சார். இதேதான் கையில வந்தது. கமிட்டியில இருக்கற பெரியவாளும் செதுக்குவேலை இருந்துதுன்னுதான் சொன்னா."

"அப்படியானால் சரியாகத்தான் இருக்கும்" என்றேன்.

"இருக்கணும்" என்றாள். சிரித்தாள், ஆனால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

புதன், நண்பகல்.

ஆட்டோ கிழக்கேக்கோட்டை வழியாகச் சாலைக் கடைவீதிக்குள் நுழைந்தது. சாலை என்பது இங்கே ஒரு கடைவீதியின் பெயர். அரிசி மண்டி, பாத்திரக் கடை, ஜவுளி, ஆணி, கயிறு எல்லாம் அடுத்தடுத்து. பாதிக் கடைகளில் தமிழ் கேட்டது. "விளக்குச் சந்து" என்று காயத்ரி சொன்னதும் ஓட்டுநர் மறுபேச்சில்லாமல் ஒரு மிளகாய் மண்டியை ஒட்டித் திருப்பினார். தும்மிக்கொண்டே இறங்கினோம்.

சாரம் கட்டிய அந்தச் சிறிய கட்டிடத்தைப் பார்த்ததும் படிகளை அடையாளம் கண்டுகொண்டேன். நேரே ஏறாமல் இடதுபுறம் சற்று வளைந்து விரியும் கல்படிகள். தலைப்பாகைக்காரர்கள் உட்கார்ந்திருந்த படியில் இப்போது ஒரு சிமெண்ட் சட்டி.

உள்ளே தரையில், சாக்கு விரித்து, புதிய முகப்பைக் கிடத்தியிருந்தார்கள். நான் நின்றுவிட்டேன். தேக்கு. கொடிகள் ஒன்றையொன்று பின்னி மேலேறி, உச்சியில் இரண்டு கிளிகள் அலகோடு அலகு வைத்திருந்தன. இலை நரம்பு வரைக்கும் உளி போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாளால் கிளியின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் சசிதரன், செதுக்கிய ஆசாரி.

"எப்படி இருக்கு சாரே?" என்றார், தலை தூக்காமல்.

"தொடலாமா?"

"தொட்டு நோக்கிக்கோ."

விரலில் பட்டது. மரம் மாதிரி இல்லை. ஈரம் காயாத மெழுகு மாதிரி இருந்தது.

ஜன்னலோரம் ஒரு மேசையில் டப்பாவைத் திறந்தேன். என் கடையிலிருந்து கொண்டுவந்த பத்து மடங்கு லென்ஸைக் காயத்ரியிடம் கொடுத்தேன். சாதாரண அச்சு அட்டையாக இருந்தால் லென்ஸில் வெறும் மைப்புள்ளிகள்தான் தெரியும். இது நெகட்டிவிலிருந்து நேரே புகைப்படத் தாளில் எடுத்தது. பார்க்கப் பார்க்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை. லென்ஸை மெதுவாக நகர்த்தினாள், மீண்டும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். உப்புத்தாளின் சத்தம் மட்டும் கேட்டது.

"பட்டிகள்" என்றாள் கடைசியில். "சாய்வா அடிச்ச வெறும் மரப்பட்டிகள். காத்து போறதுக்கு. நடுவில ஒரு வட்டத் துவாரம். வேற ஒண்ணுமே இல்லை."

"நிழலாக இருக்கலாமே?"

"இல்லை சார். நீங்கோ சொன்னேளே, கோடு கோடான்னு. நான்தான் அதைக் கொடின்னு எடுத்துண்டேன்."

அவளுக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். அட்டை காணவில்லை, ரயிலில் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நாளைக்குக் கிளிகள் மேலே போயிருக்கும். யாருக்கும் ஒரு குறையும் இருந்திருக்காது.

காயத்ரி எழுந்து சசிதரன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மலையாளத்தில் பேசினாள். தாழ்ந்த குரல். எனக்குப் பாதிதான் புரிந்தது. தவறு தன்னுடையது என்றும் வேலையில் ஒரு குறையும் இல்லை என்றும் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது புரிந்தது.

சசிதரன் உப்புத்தாளை மடித்துப் பையில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"நாலு மாசம் சாரே. என் கையி முழுசும் இதிலயாக்கும்." பிறகு காயத்ரியிடம், "மேடம் பறஞ்சது, நான் செஞ்சது. இப்ப ஒரு கடலாஸு கார்டு வந்து வேண்டாங்குது" என்றார்.

பதில் கேட்காமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

புதன், பிற்பகல்.

வாயனசாலைக் கமிட்டியின் தலைவர் தங்கசாமி அண்ணாச்சி மதியச் சாப்பாடு முடித்துவிட்டு வந்தார். சாலையில் இரும்புக் கடை. எழுபதைத் தொட்ட வயது, வெள்ளை வேட்டி, விறைப்பான நடை.

"திருநெல்வேலியா? அப்ப நம்ம ஆளாக்கும். எங்க தாத்தா அங்கேருந்து வந்தவருதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். காயத்ரி விஷயத்தைச் சொன்னதும் கை விலகியது.

"அம்மா, நான் நாலு பேருகிட்ட கிளி வருது கிளி வருதுன்னு சொல்லி வச்சிருக்கேன். தொறப்பு விழாவுக்கு ஆளு கூப்பிட்டாச்சு. இப்ப போயி ஜன்னல் பட்டி மாதிரி நாலு கட்டையை அடிச்சு வச்சா சிரிக்க மாட்டாங்களா? நல்லா இருக்கறத எதுக்கு வேண்டாங்கணும்?"

"நன்னாத்தான் இருக்கு மாமா. ஆனா இங்கே இருந்தது அது இல்லை. பழைய கட்டிடத்தை அப்படியே திருப்பித் தரேன்னுதானே உங்ககிட்ட வேலையை வாங்கினேன்? வாசல்ல பலகை வேற வைக்கப் போறோம், பழையபடி மீட்டதுன்னு. கிளியை மேல வச்சுட்டு அந்தப் பலகையை என்னால மாட்ட முடியாது."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "தம்பி, தப்பா நெனைக்கப்படாது. இது நம்ம கட்டிடந்தான்னு என்ன நிச்சயம்? அச்சடிச்சவன் எங்கயோ இருந்தவன். பேரு மாறிப் போயிருக்கலாம் இல்லியா?"

நியாயமான கேள்வி. எங்கள் அட்டை உலகில் அது நடக்கிற காரியந்தான். ஒரு ஊரின் மண்டபம் இன்னொரு ஊரின் பெயரில் வந்து விழுந்த அட்டைகள் என்னிடமே உண்டு. அதைச் சொன்னேன். அண்ணாச்சியின் முகம் தெளிந்தது, காயத்ரியின் முகம் வாடியது. ஆனால் தெரிந்ததை மறைத்து அவளுக்குச் சாட்சி சொல்ல முடியாதே.

எல்லோரும் வெளியே சந்தில் போய் நின்றோம். அட்டையை உயர்த்திப் பிடித்து ஒப்பிட்டோம். வளைந்த படிகள் சரி. ஜன்னல்கள் சரி. "இந்த மாதிரிப் படி கோட்டைக்குள்ள நாலு எடத்துல இருக்கு கேட்டியளா" என்றார் அண்ணாச்சி. படத்தில் இடதுபக்கம் தெரிந்த ஓட்டு வீட்டின் இடத்தில் இன்று மிளகாய் மண்டி. வலதுபக்கம் வெறும் மதில் மட்டும். அடித்துச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

சாய்ந்த வெயில் சந்துக்குள் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு வெளிச்சத்தில் அந்த அட்டையை நான் பார்த்ததே இல்லை. இதோடு ஒப்பிட்டால் என் கடை விளக்கு உறை போட்ட மாதிரி. சும்மா இருக்க முடியாமல் லென்ஸை முகப்பின் மேல் வைத்தேன். நடுவிலிருந்த வட்டத் துவாரத்தில் ஒரு வெள்ளைக் கீறல். ஃபிலிம் கெட்டுப்போன இடம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வெயிலில் அந்தக் கீறலுக்கு ஒரு வடிவம் வந்தது. மேலே வளைந்த கொக்கி. அதிலிருந்து தொங்கும் கண்ணாடிக் கூடு. கண்ணாடியின் விளிம்பில் சூரியன் பட்டுத் தெறித்ததைத்தான் நான் கீறல் என்று எண்ணியிருக்கிறேன்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். லென்ஸின் தூரத்தைச் சரிசெய்து கொடுத்தேன். நிமிர்ந்து, மேலே தகரம் அடித்த முக்கோணத்தைப் பார்த்தார். சந்தின் வாயில் வரைக்கும் பார்த்தார். மீண்டும் குனிந்தார்.

"விளக்குல்லா தொங்குது" என்றார்.

சந்தின் பக்கம் கை காட்டினார்.

"நான் பொறந்ததுலருந்து இது விளக்குச் சந்து. எதுக்கு அந்தப் பேருன்னு எங்கப்பாவுக்கும் தெரியாது. இங்க விளக்குக் கடை ஒண்ணு இருந்திருக்கும்னு சொல்லுவாங்க. இதாக்கும் அந்த விளக்கு. அந்தியானா இதக் கொளுத்தி வச்சிருப்பாங்க. வாயனசாலை தொறந்திருக்குன்னு கடைத்தெருவுல இருக்கறவனுக்குத் தெரியணும்ல்லா?"

காயத்ரி லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, கண்ணை ஒற்றிக்கொண்டாள். வெயில் கூசியிருக்கலாம்.

"பட்டியே அடி, அம்மா" என்றார் அண்ணாச்சி. "சிரிக்கறவன் சிரிக்கட்டும்."

வியாழன், காலை.

முகப்பை ஏற்ற வேண்டிய நாள். கிழக்கேக்கோட்டையில் ஆப்பமும் கடலைக்கறியும் சாப்பிட்டுவிட்டுப் போனேன். வாயனசாலை வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ நின்றது. சசிதரனும் இன்னும் இருவரும் கிளிகளைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

காயத்ரி குறுக்கே நின்றாள். உள்ளே பெரிய ஹாலில் சுவரோடு நிறுத்தலாம், எல்லோரும் பார்ப்பார்கள் என்று கெஞ்சினாள். அண்ணாச்சியும் தலையாட்டினார். பேசிய கூலி முழுவதும் ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது, மரமும் உனக்கே என்று அவர் சொன்னது சசிதரன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"வேண்டாம் மேடம். இது கூரையில நிக்கறதுக்குச் செஞ்சது. சுவத்துல சாத்தி வச்சா இது அலங்காரமாயிடும். எனக்கொரு வீடு உண்டு, அதுக்கொரு கூரை உண்டு."

கயிறு இறுக்கிக் கட்டினார்கள். வண்டி புறப்படப் போகும் நேரம் அவர் இறங்கி வந்தார். என் முன்னால் கை நீட்டினார்.

"அந்தக் கார்டு ஒண்ணு காணட்டே."

படியில் உட்கார்ந்து பார்த்தார். அவசரமே இல்லை. பிறகு காயத்ரியைக் கூப்பிட்டுப் பட்டிகளின் சாய்வைப் பற்றிக் கேட்டார். துவாரம் எவ்வளவு பெரிது என்று அவள் படியின் அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னாள். அவர் நேற்று விட்டுப்போன பென்சிலை எடுத்து, சிமெண்ட் தரையிலேயே வரைந்தார். அவள் ஒரு கோட்டை அழித்துத் திருத்தினாள். அவர் இன்னொன்றைத் திருத்தினார்.

"நீங்களே செய்யறேளா?" என்று கேட்டாள்.

"வேற ஆளு வந்து செஞ்சா எனிக்கு உறக்கம் வராது" என்றார் சசிதரன். "ஆஞ்சிலி மரம் போதும். தேக்கு வேண்டா."

வியாழன், பிற்பகல்.

ரயிலுக்கு நேரமிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் அட்டையைப் பெரிதாகப் படமெடுத்துக் காயத்ரி பிரதி போட்டுக்கொண்டாள். மூல அட்டையை அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். கொடுக்கவேண்டும் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். மனம் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. சேர்ப்பவனின் புத்தி அவ்வளவுதான். டப்பாவில் வைத்து மூடிக்கொண்டேன்.

தம்பானூரில் ரயில் நகர்ந்தபோது மனம் அந்தக் கிளிகளிடமே இருந்தது. அவை நெய்யாற்றின்கரைப் பக்கம் சசிதரனின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நெய்யாற்றின்கரை வந்ததும் ஜன்னலில் தலையை நீட்டி ஒவ்வொரு கூரையாகப் பார்த்தேன். அவ்வளவு சீக்கிரம் ஏற்றியிருக்க மாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் பார்த்தேன். தான் வரைந்ததைத் தானே வேண்டாம் என்று சொன்ன பெண்ணையும், தன் கைவேலையை ஒரு அட்டை தள்ளிவிட்டதைப் பொறுத்துக்கொண்டு அதே கூரைக்கு மறுபடி உளி எடுத்தவரையும் இரண்டு நாளில் சேர்த்துப் பார்த்துவிட்டேன். அந்த ஊரில் பார்த்த எந்தத் தூணும் வளைவும் அதற்கு ஈடாகத் தோன்றவில்லை.

ஊருக்கு வந்தபின் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கடையைப் பூட்டிவிட்டுச் சந்திப்பு வழியாக வரும்போது, பழைய அலுவலகங்களின் கூரையை அண்ணாந்து பார்க்கிறேன். எங்கள் ஊரிலும் தகரம் அடித்து மூடிய முக்கோணங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் என்ன இருந்தது என்று கேட்பாரில்லை. இத்தனை வருடம் அட்டை சேர்த்த நானும் கேட்டதில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் தங்கசாமி அண்ணாச்சி போன் செய்தார். திறப்பு விழா நடந்துவிட்டது, யாரும் சிரிக்கவில்லை என்றார். தன் கடையிலிருந்தே ஒரு கண்ணாடிக் கூடு தேடி எடுத்து, உள்ளே மின்விளக்கு போட்டு, துவாரத்தில் தொங்கவிட்டிருக்கிறாராம்.

"மொத நாளு அந்திக்கு விளக்கு போட்டேன் தம்பி. மிளகாய் மண்டியில சுமை எறக்கறவன் ஒருத்தன் வேர்வையோட உள்ள ஏறி வந்தான். என்ன விசேஷம் அண்ணாச்சின்னான். விசேஷம் ஒண்ணும் இல்லடே, வாயனசாலை தொறந்திருக்குன்னேன்."

"அப்புறம்?"

"பின்ன என்ன. தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து மொகத்தைத் தொடச்சான். பேப்பரை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டான்."